தொண்ணூற்றெட்டு நாள் லீவு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தீபாவளி முடிந்த மறுமாதம் நடந்தது இது. கோலசிலாங்கூர் பக்கம், ஜெராமுக்கு உள்ளே தள்ளி, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தரை வீட்டு வரிசையில் நாங்கள் இருக்கிறோம். நான், என் கணவர், மாமியார், மூன்றே பேர். கணவர் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு பாமாயில் ஆலைக்குப் போகும் லோரி ஓட்டுகிறார். நான் ஈஜோக் சாலையில் இருக்கும் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பேக்கிங் பகுதியில் வேலை செய்கிறேன். கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்துத்தான் முதல் தடவையாக வயிற்றில் தங்கியது. ஏழு மாதம் நன்றாகவே போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையின் அசைவு குறைவாக இருப்பது போல இருந்தது. அன்றைக்கு வீட்டைக் கழுவினேன், திரைச்சீலைகளைத் துவைத்தேன். வேலையாக இருப்பதால் தெரியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திங்கள் காலை கிளினிக்குக்குப் போனபோது மிஸ்ஸி (எங்கள் பக்கம் தாதியை அப்படித்தான் கூப்பிடுவோம்) கருவியை வயிற்றில் வைத்துத் தேடினார். இடத்தை மாற்றி மாற்றி வைத்தார். அப்புறம் கருவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். சத்தத்தைக் குறைத்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் மறுநாள் மதியம் பிறந்தாள். வலி, முக்கல், தையல் எல்லாம் மற்றவர்களுக்கு இருப்பது போலத்தான் எனக்கும் இருந்தது. பக்கத்து அறையில் ஒரு பிள்ளை அழுதது. என் பிள்ளைதானோ என்று ஒரு கணம் தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

"பாக்குறீங்களா?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். துணியில் சுற்றிக் கதவு வரைக்கும் கொண்டுபோன பிறகு, கூப்பிட்டு, என்னிடம் கொடுங்கள் என்றேன். பத்து நிமிடம் வைத்திருந்திருப்பேன். தலை நிறைய முடி. மூக்கு அப்படியே என் கணவருடையது. கன்னத்தைத் தொட்டேன், சூடாக இருந்தது. அது என் உடம்புச் சூடு என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. காரணம் இன்னது என்று தெரியவில்லை, சில சமயம் இப்படி ஆகிவிடுகிறது என்று டாக்டர் சொன்னார். நான் திரைச்சீலைகளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கணவரும் அவருடைய தம்பியும் தோட்டத்துச் சுடுகாட்டின் ஓரத்தில் அவளை அடக்கம் செய்தார்கள். நான் போகவில்லை. என்னைக் கூப்பிடவும் இல்லை. மூன்றாம் நாள் கணவர் லோரி ஓட்டப் போய்விட்டார். அவரால் எப்படி முடிகிறது என்று எனக்கு அவர் மேல் அவ்வளவு கோபம். வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என்னை எப்படி நடத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. பிள்ளை பெற்றவள் என்றால் எங்கள் வீட்டில் அதற்கென்று ஒரு முறை உண்டு. வேப்பிலையும் நொச்சியும் போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் குளிப்பாட்டுவார்கள், வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டுவார்கள், மிளகும் பூண்டும் போட்டுப் பத்தியச் சாப்பாடு கொடுப்பார்கள். சுக்கு, திப்பிலி, ஓமம், கருப்பட்டி என்று மாமியார் எல்லாவற்றையும் ஆறாம் மாதத்திலேயே வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நான் வந்தபோது அந்த டின் அடுப்படியில் இல்லை. என் கண்ணில் படக்கூடாது என்று எங்கோ ஒளித்துவிட்டார். சாதாரணச் சோறு, சாதாரணக் குழம்பு. காய்ச்சல் வந்து படுத்தவளைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டார். தப்பு சொல்ல மாட்டேன். அவரும் என்ன செய்வார்?

வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள். "விடு லா, வயசு இருக்கு. அடுத்தது நல்லபடியா பொறக்கும்." யாரும் பிள்ளை என்று சொல்லவில்லை. "அது", "அந்த விஷயம்", "நடந்தது". அவ்வளவுதான்.

நாலாவது நாள் பால் வந்துவிட்டது. வரும், இறுக்கமான உள்ளாடை போட்டுக்கொள்ளுங்கள், பிழிந்து எடுக்காதீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். அன்று எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. காலையில் எழுந்தால் சட்டை நனைந்திருந்தது. குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு சட்டையைத் துவைத்தேன். அன்றிலிருந்து தினமும் யாருக்கும் தெரியாமல் அதுதான் வேலை.

வீட்டில் இருக்கவே முடியவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் சீருடையைப் போட்டுக்கொண்டு தொழிற்சாலை பஸ் ஏறிவிட்டேன். என்னிடம் மிச்சமிருந்த வருடாந்திர லீவு அதோடு முடிந்திருக்கும் என்று ஒரு கணக்கு. மாமியார் வாசல் வரை வந்து, "இன்னும் ரெண்டு நாளு படுத்துக்கிட்டு போலாமே" என்றார். "படுத்து என்னம்மா செய்ய?" என்றேன். அதற்கு மேல் அவர் தடுக்கவில்லை.

பேக்கிங் பகுதியில் என்னைப் பார்த்ததும் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். நான் என் இடத்தில் போய் நின்றேன். பிஸ்கட் வரிசையாக வந்துகொண்டே இருக்கும், உடைந்ததைப் பொறுக்கி எடுத்துவிட்டு மீதியைத் தட்டில் அடுக்க வேண்டும். கை தானாக வேலை செய்தது. நன்றாக இருக்கிறது, இப்படியே இருந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. பத்து மணிக்கு டீ குடிக்க உட்கார்ந்தபோது எதிர் மேசைப் பெண் தன் கைப்பேசியில் அண்ணன் பிள்ளையின் வீடியோ ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை அழுதது. எங்கேயோ இருக்கும் யாரோ ஒருவருடைய பிள்ளை, அதுவும் வீடியோவில். ஆனால் என் மார்பு சுரீரென்று இழுத்துக்கொண்டு சுரக்க ஆரம்பித்துவிட்டது. குனிந்து பார்க்கிறேன், சீருடையின் முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்து பரவுகிறது. கையைக் குறுக்கே கட்டிக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினேன்.

அங்கே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. வெளியே வந்தபோது ஆபீஸ் கிராணி எனக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். எங்கள் லீவு, சம்பளம் எல்லாம் பார்ப்பவள் அவள்தான். இருபத்தைந்து வயது இருக்கும், தமிழ் முஸ்லிம் பெண். அவள் அப்பா கோலசிலாங்கூரில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். அதுவரை அவளோடு நான் சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசியதில்லை. என் சீருடையைப் பார்த்தாள். தான் போட்டிருந்த குளிர்ச்சட்டையைக் கழற்றி என் தோளில் போட்டு ஆபீஸுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"ஏன்க்கா வேலைக்கு வந்தீங்க?" என்றாள்.

"லீவு முடிஞ்சிருச்சே."

"எந்த லீவுக்கா? உங்களுக்குத் தொண்ணூத்தெட்டு நாளு இருக்கு. நான் அன்னைக்கே போட்டுட்டேன், ஃபோம்ல நீங்க கையெழுத்து வைக்கிறதுதான் பாக்கி. உங்க வீட்டு அண்ணனுக்கு மெசேஜ்கூட அனுப்பினேனே."

நான் அவளையே பார்த்தேன். தொண்ணூற்றெட்டு நாள் என்றால் எனக்குத் தெரியும். பிரசவ லீவு முன்பு அறுபது நாளாக இருந்தது, சட்டத்தை மாற்றித் தொண்ணூற்றெட்டாக ஆக்கியிருந்தார்கள். நான் உண்டானபோது எங்கள் பகுதியில் எல்லாரும், "உனக்கு யோகம்டி, மூணு மாசத்துக்கு மேல பிள்ளையோட இருக்கலாம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தது அதைத்தான்.

"அது பிள்ளை பெத்தவங்களுக்கு" என்றேன்.

அவள் கணினியைத் திறந்தாள். ஏதோ தேடி எடுத்துத் திரையை என் பக்கம் திருப்பினாள். ஆங்கிலத்தில் இருந்தது. விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழில் சொன்னாள். "இருபத்திரண்டு வாரத்துக்கு அப்புறம் பிரசவம் ஆனா, பிள்ளை உசுரோட இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி, அது பிரசவந்தான். இங்க பாருங்க, அப்படியேதான் எழுதியிருக்கு. நாள் கணக்கத்தான்க்கா இப்ப கூட்டியிருக்காங்க. இந்த வரி ரொம்பப் பழசு."

எனக்கு வந்தது கோபம். ஏன் என்று இப்போதுகூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை. "பிள்ளை இல்லாம வீட்டுல உக்காந்து தொண்ணூத்தெட்டு நாளு நான் என்ன செய்யறது? சொல்லு" என்று அவளிடம் கத்திவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் முகம் சிவந்துவிட்டது. சின்னப் பெண், பாவம். "எனக்குத் தெரியலக்கா" என்றாள். "என்ன செய்யறதுன்னு அதுல எழுதல. ஆனா அது உங்களோட லீவு. நீங்க யாருகிட்டயும் கேட்டு வாங்க வேணாம்."

ஃபோமை எடுத்து அவளே நிரப்பினாள். என் அடையாள அட்டை எண்ணைக் கேட்டாள், பிரசவமான தேதியைக் கேட்டாள். கையெழுத்துக்காக அந்தத் தாளை என் பக்கம் தள்ளியபோது, மேலே ஒரு கட்டத்தில் 'தாயின் பெயர்' என்று போட்டு, அதற்கு நேராக என் பெயரை அவள் எழுதியிருப்பதைப் பார்த்தேன். அந்தப் பன்னிரண்டு நாளில் அந்த வார்த்தையை என்னோடு சேர்த்து யாரும் சொன்னதில்லை, நானும் நினைத்ததில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். ஆஸ்பத்திரியில்கூட நான் அப்படி அழவில்லை. அவள் எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்து, என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

மதிய இடைவேளையில் தன் சின்னக் காரில் அவளே என்னை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டாள். புக்கிட் ரோத்தான் தாண்டிய பிறகு அவளாகச் சொன்னாள். "இந்த வேலைக்குச் சேர்றதுக்கு முன்னால இந்தச் சட்டமெல்லாம் பரீட்சைக்குப் படிச்சேன்க்கா. அந்த வரியப் படிக்கிறப்ப, இது யாருக்கு எழுதி வச்சிருக்காங்கன்னு நினைச்சேன். அதுக்கு மேல யோசிக்கல." கொஞ்சம் கழித்து, "அண்ணன் தன்னோட ஏழு நாள எடுத்தாரா?" என்று கேட்டாள். பிள்ளை பிறந்தால் அப்பாவுக்கும் ஏழு நாள் உண்டாம். எனக்கு அதுவும் தெரியாது.

காரிலிருந்து நான் இறங்குவதைப் பார்த்து மாமியார் பதறிவிட்டார். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்திருக்கிறார். அந்தப் பெண் வாசலிலேயே நின்று விஷயத்தைச் சொன்னாள்.

"பிள்ளை தங்காத பிரசவத்துக்கா அரசாங்கத்துல லீவு குடுக்குறாங்க?" என்று மாமியார் திரும்பக் கேட்டார்.

"பிரசவம் பிரசவந்தானே ஆன்ட்டி. அக்காவுக்கு வலிச்சுதானே பொறந்துச்சு?"

மாமியார் கேட்டை அகலத் திறந்துவிட்டார். "உள்ள வாம்மா, தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றார். வேலைக்கு நேரமாகிறது என்று அவள் கிளம்பிவிட்டாள். கார் திரும்பிப் போகும்வரை மாமியார் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் உள்ளே வந்து, தன் அறை அலமாரிக்கு மேல், பழைய போர்வைகளுக்குப் பின்னால் இருந்து அந்த டின்னை எடுத்தார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தே எடுத்தார். அன்று சாயங்காலம் எங்கள் அடுப்படியில் மிளகு இடிக்கும் சத்தம் கேட்டது.

கணவர் வந்ததும் கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். கிராணி அனுப்பிய செய்தி இருந்தது. ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். "பிரசவ லீவுன்னு போட்டிருந்திச்சு. அத உன்கிட்ட எப்படிக் காட்டுறதுன்னு தெரியல" என்றார். குளிக்கப் போகிறவர் போலத் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலையில்தான் நான் மறக்கவே முடியாத அந்தக் காரியம் நடந்தது. பத்தியத்துக்கு மீன் வேண்டும் என்று மாமியார் என் கொழுந்தனாரோடு மோட்டார் சைக்கிளில் ஏறி ஜெராமுக்குப் போனார். அங்கே படகு வந்து இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சீனப்பெண் மீன் விற்பார். மாமியாருக்கு இருபது வருடப் பழக்கம். அரை மணி நேரத்தில் திரும்பி வருகிறவர் ரொம்ப நேரமாகியும் வரவில்லை. வந்ததும் நேராக அடுப்படிக்குள் போனார். கழுவும் சத்தம் கேட்கவில்லையே என்று எட்டிப் பார்த்தால், மீன் பையைக் கையில் பிடித்தபடி தொட்டிக்கு முன்னால் அப்படியே நிற்கிறார். தோள் குலுங்குகிறது.

என்னம்மா என்று கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். தையல் ஆறுவதற்கு நல்லது என்று சின்ன மீன் கொஞ்சம் கேட்டிருக்கிறார். எண்ணெய் இல்லாமல் குழம்பு வைக்கத் தோதான மீனாகக் கொடு என்று அவர் சொன்னதிலேயே சீனப்பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. மருமகள் பெற்றுவிட்டாளா என்று சந்தோஷமாகக் கேட்டிருக்கிறார். மாமியார் தலையை ஆட்டியிருக்கிறார். என்ன பிள்ளை, ஆணா பெண்ணா என்று அடுத்த கேள்வி.

"என்ன சொன்னீங்க?" என்றேன்.

"பெரம்புவான்னு சொல்லிட்டேன்டா" என்றார். மலாயில் பெண்பிள்ளை என்று அர்த்தம். "தமிழ்ல இந்த வாயால சொல்ல முடியல. மலாய்ல கேட்டா, மலாய்ல வந்திருச்சு."

அதற்கு மேல் நடந்ததைச் சொல்லும் தைரியம் அவருக்கு அங்கே இல்லை. அந்தப் பெண்ணோ, பெண்பிள்ளை என்றதும் முகமெல்லாம் சிரிப்பாகி, நம்மவர்கள் பிள்ளை பெற்றால் பால் ஊறுவதற்குச் சுறா தேடி வருவார்கள் என்று தெரிந்தவர் ஆதலால், ஒதுக்கி வைத்திருந்த பால் சுறாவில் ஒரு துண்டை வெட்டிப் பைக்குள் போட்டுவிட்டார். காசு வேண்டாம், இது பிள்ளைக்கு என்று சொல்லிவிட்டார். மாமியார் அதை வாங்கிக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் ஏறாமல் கடற்கரைப் பக்கமாகவே ரொம்ப நேரம் நடந்திருக்கிறார்.

"இத என்ன பண்ணட்டும்? தூக்கிப் போட மனசு வரல" என்றார்.

பையை வாங்கிப் பார்த்தேன். உள்ளங்கை அளவு ஒரு துண்டு. என் பிள்ளைக்கு என்று யாரும் எதுவும் கொடுத்ததில்லை. சின்னச் சட்டைகளை எல்லாம் கணவர் நான் வருவதற்கு முன்பே யாருக்கோ கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்தவர்கள் பிஸ்கட்டும் ஆரஞ்சும் எனக்குத்தான் வாங்கி வந்தார்கள். பிள்ளைக்கு என்று வந்தது இது ஒன்றுதான்.

"சுறாப்புட்டு செய்ங்கம்மா. சாப்பிடுவோம்" என்றேன்.

"பால் கட்டிக்கும்டா, வலிக்கும்."

"பரவால்ல."

வேக வைத்து, உதிர்த்து, பூண்டும் இஞ்சியும் தட்டிப் போட்டுச் செய்தார். மதியம் கணவர் சாப்பிட வந்தார். மூன்று பேரும் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். எங்கிருந்து வந்தது என்று மாமியார் அவரிடம் சொன்னார். தலையைக் குனிந்தபடியே, "நம்ம பிள்ளைக்கா குடுத்தாங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றோம். எனக்கு ஒரே ஒரு கவளம்தான் மாமியார் வைத்தார். மீதியை அவர்கள் இரண்டு பேரும் ஒரு துணுக்குக்கூட விடாமல் சாப்பிட்டார்கள். நம்ம பிள்ளை என்று அந்த வீட்டில் ஒருவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்த வாரமே கிளினிக் மிஸ்ஸி வந்தார். அதற்கு முன்பும் வந்திருக்கிறார், பிரசவமானவர்களை வீடு தேடி வந்து பார்ப்பது அவர்கள் வேலை. அப்போதெல்லாம் நான் தூங்குவது போலப் படுத்துக்கொள்வேன். பிள்ளை இல்லாத வீட்டுக்கு எதற்கு வருகிறார் என்று எரிச்சலாக இருக்கும். இந்த முறை எழுந்து உட்கார்ந்தேன். மலாய்க்கார அம்மா. வயிற்றைப் பார்த்தார், தையலைப் பார்த்தார், இரத்த அழுத்தம் எடுத்தார். பால் கட்டியிருந்த மார்புக்குக் குளிர்ந்த துணி வைக்கச் சொல்லிக் கொடுத்தார். பத்தியம் என்று சொல்லித் தண்ணீரையும் காய்கறியையும் குறைத்ததற்காக மாமியாரைக் கண்டித்தார். இரத்தம் குறைவாக இருக்கிறது, கீரையும் முட்டையும் இரும்புச்சத்து மாத்திரையும் கட்டாயம் வேண்டும் என்றார். மாமியார் அவரிடம் தலையாட்டிவிட்டு, அவர் போனதும் என்னிடம், "அவங்க பேச்ச கேட்டா உடம்பு ஊதிப் போகும்" என்றார். ஆனால் மறுநாளிலிருந்து தட்டில் கீரையும் இருந்தது, பத்தியமும் இருந்தது. அந்தச் சண்டையைக் கேட்டு நான் சிரித்தேன். சிரித்துவிட்டோமே என்று உடனே குற்ற உணர்வாகிவிட்டது.

அந்த நாட்களில் என்ன செய்தேன் என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், அழுதேன். பால் மெல்ல மெல்ல வற்றியது. வலி குறைந்ததே என்று நிம்மதிப்பட வேண்டியவள், முழுதாக நின்றுபோன அன்று இன்னொரு தடவை அவளை இழந்தது போல நாள் முழுக்கக் கிடந்தேன். மத்தியான வேளையில் எதிர்வீட்டுக் கொடியில் பிள்ளைத் துணி காய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்நேரம் அவள் ஒரு மாதக் குழந்தையாக இருந்திருப்பாள், இந்நேரம் முகம் பார்த்துச் சிரித்திருப்பாள் என்று நாளைப் பார்த்துப் பார்த்து நினைப்பேன். அந்த ஏக்கத்தை யாருக்கும் மறைக்காமல் அனுபவிக்க எனக்கு ஓர் இடமும் நேரமும் இருந்தது. வேலைக்குப் போயிருந்தால் அதையும் கழிப்பறையில் நின்றுதான் செய்திருப்பேன்.

நாற்பது நாள் கழிந்த பிறகு என்னை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள் என்று கணவரிடம் கேட்டேன். ஒரு ஞாயிறு காலையில் போனோம். புல் மண்டிக் கிடக்கும், இடமே தெரியாது என்று நினைத்துக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால், அந்தச் சின்ன மேட்டைச் சுற்றிப் புல் சுத்தமாகச் செதுக்கியிருந்தது. ஆற்றுக் கல்லாகப் பொறுக்கி ஓரம் கட்டியிருந்தது. தலைமாட்டில் ஒரு நந்தியாவட்டைச் செடி, நட்டுப் பல நாள் ஆகித் துளிர் விட்டிருந்தது. பாதையில் லோரிச் சக்கரம் பதிந்து பதிந்து புல் செத்துப்போயிருந்தது. யார் செய்தது என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு நடையிலும் ஆலைக்குப் போகும் வழியில் நிறுத்தியிருக்கிறார் இந்த மனிதர். இவரைத்தான் மனதுக்குள் அத்தனை நாள் கல்நெஞ்சன் என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு நீங்க ஏழு நாளு லீவு எடுத்திருக்கலாமாம்" என்றேன்.

"தெரிஞ்சிருந்தா இங்கயே உக்காந்திருப்பேன்" என்றார்.

வெயில் ஏறும்வரை அவளுக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

தொண்ணூற்றெட்டு நாள் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது உடம்பு தேறியிருந்தது. கிராணியின் குளிர்ச்சட்டையைத் துவைத்து மடித்துக் கொண்டுபோனேன். நன்றி சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டு போனவள், அவள் முன்னால் நின்றதும், "சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தேன். இப்போது அவள் கல்யாணமாகிக் கிள்ளானுக்குப் போய்விட்டாள். இரண்டு வருடமாகியும் எங்களுக்கு அடுத்த பிள்ளை உண்டாகவில்லை. உண்டாகலாம், உண்டாகாமலும் போகலாம்.

சில சமயம் பிஸ்கட் அடுக்கிக்கொண்டிருக்கும்போது, அந்த வரியை முதன்முதலில் எழுதியவர் யாராக இருக்கும் என்று யோசிப்பேன். உயிரோடு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்று எழுதியபோது அவர் மனதில் யார் இருந்தார்களோ. அவர் வீட்டிலும் அப்படி ஒருத்தி இருந்தாளோ என்னவோ. ஊரே பேசத் தயங்கியதை, என்னை முன்பின் பார்க்காத ஒருவர் எனக்கும் முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனாலும் என் ஆசை பொல்லாதது. அந்தத் தொண்ணூற்றெட்டு நாளையும் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், அவளை இன்னொரு பத்து நிமிடம் என் கையில் கொடுங்கள் என்று கேட்கத்தான் இன்றைக்கும் மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.